அனுமதி பெற்ற பகிடி

நான்கு இளைஞர்கள் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் நிற்கிறார்கள். முன்னால் ஒரு பெண் தட்டில் ஏதோ தேடிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் நாலு பேர், இருப்பது ஒன்றுதான், யார் ஷொட் அடிப்பது என்று அவளுக்குப் பின்னால் பேச்சு எழுகிறது. அவள் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். கமரா அந்த முகத்தில் ஒரு கணம் தங்குகிறது. பிறகுதான் சங்கதி வெளிப்படுகிறது: தட்டில் எஞ்சியிருந்தது ஒரேயொரு பொடி ஸ்பிரே போத்தல், பேச்சு அதைப் பற்றியதாம். அதே பொருளுக்கான இன்னொரு விளம்பரத்தில், ஓர் ஆணும் பெண்ணும் இருக்கும் படுக்கையறைக்குள் நான்கு நண்பர்கள் நுழைகிறார்கள். நீ ஷொட் அடித்துவிட்டாய்போல, இனி எங்கள் முறை என்று ஒருவன் நெருங்கிவர, அந்தப் பெண் ஒடுங்கிப் போகிறாள். அவன் எடுப்பதோ அங்கேயிருந்த போத்தலை. அவள் முகத்தில் நிம்மதி.

2022 ஜூன் முதல் வாரத்தில், லோர்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆடிய ரெஸ்ற் போட்டியின் ஒளிபரப்புக்கு இடையில் இந்த விளம்பரங்கள் வந்தன. லேயர் ஷொட் என்ற பெயரில் அந்த வாசனைத் திரவியத்தை விற்றது குஜராத்தைச் சேர்ந்த அட்ஜாவிஸ் வெஞ்சர் என்ற கம்பனி. ஐதராபாத்தின் ஜூபிலி ஹில்ஸ் பகுதியில் மே 28 அன்று 17 வயதுச் சிறுமி ஒருத்தி காருக்குள் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான செய்தியால் இந்தியா கொதித்துக்கொண்டிருந்ததும் அதே நாட்களில்தான்.

இந்தப் பகிடி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் அதன் பாரம் விளங்கும். பார்ப்பவர் முதற் சில விநாடிகளில் கூட்டு வன்புணர்வு ஒன்று நடக்கப்போகிறது என்று நம்ப வேண்டும். நம்பாவிட்டால் கடைசியில் போத்தலைக் காட்டும்போது சிரிப்பு வராது. ஆகவே அந்தப் பெண்ணின் பயம் தற்செயலாக வந்து விழுந்தது என்று சொல்ல இடமில்லை. பயப்படு என்று நடிகைக்குச் சொல்லிக்கொடுத்து, விளக்குப் போட்டு எடுத்து, விநாடிக் கணக்குப் பார்த்து வெட்டி ஒட்டிய பயம் அது. எழுதியவர், இயக்கியவர், காசு கொடுத்தவர், ஒளிபரப்பியவர் என்று எத்தனையோ மேசைகளைத் தாண்டித்தான் அது திரைக்கு வந்திருக்கிறது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அப்போது டெல்லி மகளிர் ஆணையத்தின் தலைவியாக இருந்த சுவாதி மாலிவால் பொலிசாருக்கு நோட்டீஸ் அனுப்பி, தகவல் ஒலிபரப்பு அமைச்சருக்கும் எழுதினார். பிரியங்கா சோப்ரா, ஃபர்ஹான் அக்தர் போன்ற திரைக் கலைஞர்கள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். இந்திய விளம்பரத் தர மன்றமான ஏ.எஸ்.சி.ஐ. விசாரணை முடியும்வரை விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. ஜூன் 4 அன்று அமைச்சு, காணொளிகளை அகற்றும்படி ருவிட்டருக்கும் யூரியூப்புக்கும் பணித்தது. கடைசியில் கம்பனி மன்னிப்புக் கேட்டது. கேட்கும்போது மறக்காமல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: பெறவேண்டிய கட்டாய அனுமதிகளையெல்லாம் பெற்ற பிறகே விளம்பரத்தை வெளியிட்டோம் என்றது.

அந்த ஒரு வரி இந்த விவகாரம் முழுவதையும் திறந்து காட்டுகிறது. தன் தவறுக்கு வருந்துவதாகச் சொல்லும் கம்பனி, அதே மூச்சில் தவறைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. முகவர் நிறுவனம் யோசனை சொன்னது, இன்னொருவர் அனுமதி கொடுத்தார், அலைவரிசை போட்டது. பொறுப்பு இப்படிக் கைமாறிக் கைமாறிப் போனால், முடிவில் அது யாருடைய கையிலும் இருக்காது. விளம்பரத்துக்குச் செலவழித்த காசு மட்டும் தொடக்கம் முதல் ஒரே கையிலிருந்துதான் வந்தது.

இது புதிய கதையுமல்ல. 2007 இல் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் வெளியிட்ட படத்தில், ஒரு பெண்ணின் மணிக்கட்டுகளைப் பிடித்து நிலத்தோடு அழுத்தியபடி ஓர் ஆண் இருக்கிறான், சுற்றி நின்று மற்ற ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஸ்பெயினில் எதிர்ப்பு வந்தது. அந்த நாடு காலத்துக்குப் பின்னே நிற்கிறது என்ற தொனியில் நிறுவனம் அங்கே மட்டும் படத்தை எடுத்தது. பிறகு இத்தாலியின் விளம்பர ஒழுக்காற்று அமைப்பே தடை போட்டதும் பேச்சு அடங்கியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த ஷொட் விளம்பரத்திலும் அதே அடுக்குதான்: ஒரு பெண், பல ஆண்கள், ஒரு விற்பனைப் பொருள்.

2013 மார்ச்சில் நடந்தது இன்னும் விசித்திரம். ஃபோர்ட் ஃபிகோ காரின் பின்பெட்டி எவ்வளவு பெரியது என்று காட்ட, இத்தாலியின் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனி சாரதி இருக்கையிலிருந்து விரல்களை உயர்த்திச் சிரிப்பதாகவும், பின்பெட்டிக்குள் வாய் கட்டப்பட்ட மூன்று பெண்கள் கிடப்பதாகவும் ஒரு சித்திரம் இணையத்தில் ஏறியது. செய்தவர்கள் ஜே.டபிள்யூ.ரி. இந்தியா நிறுவனத்தார். டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு இந்திய நாடாளுமன்றம் புதிய பாலியல் வன்முறைச் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இது வெளியே வந்தது. இந்த விளம்பரம் எங்கும் காசு கொடுத்துப் போடப்படவில்லை, ஃபோர்ட் ஒப்புதல் கொடுக்கவும் இல்லை. விருதுப் போட்டிகளுக்காகவே இப்படி விளம்பரம் செய்யும் பழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. ஃபோர்டும், முகவர் நிறுவனத்தின் தாய் நிறுவனமான டபிள்யூ.பி.பி.யும் மன்னிப்புக் கேட்டன, படைப்புப் பிரிவின் தலைவர் உட்படச் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ஆள் போனான், பழக்கம் போனதா என்று கேட்டால் ஷொட் விளம்பரம்தான் பதில்.

மதுபானக் கம்பனிகளின் பட்டியல் தனி. 2012 மார்ச்சில் பெல்வெடியர் வொட்கா ஒரு படத்தை முகநூலில் போட்டது. ஓர் ஆணின் பிடியிலிருந்து பெண்ணொருத்தி விலகத் துடிக்கிறாள், அவளைப் போலல்லாமல் எங்கள் சரக்குத் தொண்டையில் வழுக்கி இறங்கும் என்ற பொருளில் ஒரு வாசகம். படத்தை அகற்றிய கம்பனி, வன்புணர்வுக்கு எதிராக இயங்கும் அமெரிக்க அமைப்பு ஒன்றுக்கு நன்கொடையும் கொடுத்தது. கதை அதோடு முடியவில்லை. அந்தப் படம் ஒரு நகைச்சுவைக் காணொளியிலிருந்து தன்னைக் கேட்காமல் எடுக்கப்பட்டது என்று அதில் நடித்த பெண் வழக்குப் போட்டார். சம்மதமில்லாத பெண்ணைக் காட்டிப் பகிடி செய்த விளம்பரம், காட்டப்பட்டவளிடமே சம்மதம் கேட்கவில்லை. 2015 இல் பட் லைற் பியர்ப் போத்தலின் சுட்டித்துண்டிலேயே, இன்றிரவு முடியாது என்ற சொல்லை உன் அகராதியிலிருந்து நீக்கும் பியர் இது என்ற பொருளில் அச்சாகி வந்தது. அதற்கும் மன்னிப்பு. அதே ஆண்டின் பண்டிகைக் காலத்தில் நியூயோர்க்கின் புளூமிங்டேல்ஸ் கடை, உன் சிநேகிதி பார்க்காத நேரம் அவளுடைய பானத்தில் எதையாவது கலந்துவிடு என்று தன் விலைப்பட்டியல் புத்தகத்தில் போட்டது. அதற்கும் மன்னிப்பு.

மனிதர் யாரும் எழுதாத வாசகம் ஒன்றும் உண்டு. 2013 இல் சொலிட் கோல்ட் பொம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரீசேட்டுகள் அமேசனில் விற்பனைக்கு வந்தன. பெண்களை வன்புணரத் தூண்டும் வாசகங்கள் அவற்றில் இருந்தன. கணினி நிரல் ஒன்று சொற்பட்டியலிலிருந்து தானாகவே ஆயிரக்கணக்கான வாசகங்களைக் கோத்தது, நாங்கள் படித்துப் பார்க்கவில்லை என்றார்கள். சில மாதங்களில் அந்தக் கம்பனி இழுத்து மூடப்பட்டது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் விளம்பர வாசகம் எழுதிவாங்கும் கடைக்காரர்களுக்கும் இதே சமாதானம் கைவசம் இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். 2022 ஜூனில் குடாநாடு பெற்றோல் வரிசையிலும் மின்வெட்டிலும் கிடந்தது, குஜராத் கம்பனியின் விளம்பரம் இங்கே பெரிய பேச்சாகவில்லை. ஆனால் குடாநாட்டு வீடுகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓடுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு அலைவரிசைகள்தான். அவற்றோடு இந்திய விளம்பரங்களும் வருகின்றன. அவற்றில் வரும் பொடி ஸ்பிரேக்களுக்கு யாழ். நவீன சந்தைக் கட்டடத்தின் பான்சிக் கடைகளில் இடமும் உண்டு. அந்த விளம்பரங்கள் இந்தியச் சட்டத்துக்கும் இந்தியத் தர மன்றத்துக்கும் உட்பட்டவை. பருத்தித்துறையிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ பார்க்கும் பெண்ணின் முறைப்பாட்டை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது என்பது தெளிவில்லை.

இலங்கைச் சட்டம் இதில் ஓர் ஓரமாகத்தான் நிற்கிறது. 2003 இன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி பொருளைப் பற்றிப் பொய் சொல்கிறானா, வாங்குபவரைத் திசைதிருப்புகிறானா என்று கேட்கிறது. ஷொட் விளம்பரம் போத்தலைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. அது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதைப் பற்றியது, திரையில் ஓடும் முப்பது விநாடிக் கதைக்கு அதை நீட்டுவது கடினம். வினோதம் என்னவென்றால், பட் லைற் வாசகமும் பெல்வெடியர் படமும் இலங்கையில் சட்டப்படி விளம்பரமாக வரவே முடியாது. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006 இன் 27ஆம் இலக்கச் சட்டம் சாராய விளம்பரத்தையே தடைசெய்துவிட்டது. அரசு மனம்வைத்தால் ஒரு வகை விளம்பரத்தையே வழித்துத் துடைத்துவிடலாம் என்பதற்கு அதுவே சான்று. பெண்ணுடைய பயத்தை விற்பனைக்கு வைக்கும் விளம்பரத்தில் அந்த மனம் வரவில்லை.

பதாகை என்றால் கதை சற்று வேறு. 2016 இல் ஒஸ்மோ என்ற உடற்பயிற்சி நிலையம், கொழும்பை ஒட்டிய கோட்டேயில் ஒரு பெரிய பதாகை வைத்தது. அதில் ஒரு பீப்பாய். ஒரு பெண்ணுக்கு இது உருவமல்ல என்று எழுதியிருந்தது. அதில் வன்முறை இல்லை, இழிவு இருந்தது. பெண்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் சமூக ஊடகங்களில் போராடினார்கள். கொழும்பு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரான ஹர்ஷ டி சில்வா தலையிட்டுப் பதாகையை இறக்க வைத்தார். பதாகைக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே பிடித்து இழுக்க ஒரு கயிறு இருந்தது. தொலைக்காட்சிக்கும் முகநூலுக்கும் அப்படியொரு கயிறு கோட்டேயிலும் இல்லை, கொக்குவிலிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பாலியல் வன்முறையைப் பகிடியாக்குவது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகச் சுடும். 1996 இல் கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்ட சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவியின் வழக்குத்தான் செம்மணிப் புதைகுழிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2015 மே 13 அன்று பள்ளிக்கூடம் போன புங்குடுதீவு மாணவி திரும்பி வரவில்லை. ஊர் கொதித்தது, யாழ். நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல் விழுந்தது, 2017 செப்டெம்பர் 27 அன்று அந்தக் கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இவை பழைய கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பயணிக்கும் பெண்களில் 90 வீதமானோர் பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள். பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம். புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸில் ஏறும் மாணவிக்கு, நாலு ஆண்கள் பின்னால் நின்று பேசும் காட்சியின் முதற்பாதி நன்றாகவே தெரியும்.

புங்குடுதீவு வழக்கின்போது செய்தி ஊடகங்கள் நடந்துகொண்ட விதமும் இங்கே சேரவேண்டியது. கொல்லப்பட்ட மாணவியின் படத்தைச் செய்தித்தாள்களும் இணையத் தளங்களும் திரும்பத் திரும்பப் போட்டன. பாதிக்கப்பட்டவரை அடையாளங்காட்டும் விவரங்களை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தத் தண்டனைச் சட்டக்கோவையில் 365சி என்றொரு பிரிவு இருக்கிறது என்பது பலருடைய நினைவிலும் வரவில்லை. அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்திலும் விளம்பரங்கள் இருந்திருக்கும், நகைக்கடை, புடைவைக்கடை, தொலைபேசிக் கம்பனி என்று. விளம்பரம் கொடுத்தவர் தன் விளம்பரத்தின் வாசகத்துக்கு மட்டும் பொறுப்பா, அது நிற்கும் இடத்துக்கும் பொறுப்பா? கம்பனிகளின் பொறுப்பைப் பற்றிய பேச்சில் யாழ்ப்பாணத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான்.

இதற்கு 2013 மே மாதத்தில் ஒரு பதில் கிடைத்தது. வன்புணர்வையும் மனைவியை அடிப்பதையும் பகிடியாக்கும் முகநூல் பக்கங்கள் அப்போது ஏராளமாக இருந்தன. முறைப்பாடு செய்தவர்களுக்கு, இது நகைச்சுவை, விதிமீறல் இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. விமன் ஆக்ஷன் அண்ட் த மீடியா என்ற அமைப்பும், பிரித்தானியாவில் லோரா பேற்ஸ் தொடங்கிய அன்றாடப் பால்பாகுபாட்டுத் திட்டமும், எழுத்தாளர் சொராயா கெமாலியும் சேர்ந்து வேறு வழியில் போனார்கள். முகநூலோடு வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களில் தங்கள் விளம்பரம் தோன்றும் கம்பனிகளுக்குப் படத்தோடு எழுதினார்கள். பிரித்தானியாவில் நிஸான், நேஷன்வைட் உட்படப் பதினைந்து வரையான நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. ஒரு வாரம்தான். மே 28 அன்று, தன் நடைமுறை தவறியதை ஒப்புக்கொண்டு விதிகளைத் திருத்துவதாக முகநூல் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் பெண்கள் செய்த முறைப்பாடு அசைக்காததைக் கார்க் கம்பனியின் கணக்கப்பிள்ளை அசைத்துவிட்டார். முகநூலுக்கு இதில் பெருமை கிடையாது, ஆனாலும் எந்தக் கயிறு வேலை செய்யும் என்பது தெரிந்தது.

2011 இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டல் கோட்பாடுகள் இதையே நிதானமான மொழியில் சொல்கின்றன. ஒரு கம்பனி தானே தீங்கு செய்யலாம், தீங்குக்குத் துணைபோகலாம், அல்லது தன் வியாபார உறவின் வழியாக அதோடு தொடர்புபட்டிருக்கலாம். மூன்று நிலையிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஷொட் விளம்பரத்தில் உற்பத்திக் கம்பனி முதல் நிலையில், ஒளிபரப்பிய அலைவரிசை இரண்டாவதில். அப்படியொரு சரக்கை இறக்குமதி செய்யும் கொழும்பு முகவரும், அதே அலைவரிசையைக் கொடுத்து மாதச் சந்தா வாங்கும் கேபிள்காரரும் மூன்றாவதில். நாங்கள் வெறும் வியாபாரிகள் என்று கடைசி இருவரும் சொல்வார்கள். வியாபாரி என்பதால்தான் அவர்கள் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

உள்ளூரிலேயே தயாராகும் சரக்கும் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கடை திறப்பு விழா என்றால் யூரியூபரைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது, விளம்பரக் காசில் ஒரு பங்கு பத்திரிகையிலிருந்து அவர்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. வறிய குடும்பங்களுக்கு உதவுவதைப் படம்பிடித்துப் போடும் காணொளிகளுக்குப் புலம்பெயர்ந்தோரின் பணமும் சேர்கிறது. 2025 மார்ச்சில் அப்படி உதவிக் காணொளிகளால் பெயரெடுத்த ஒருவர், ஒரு வீட்டுக்குப் போய் அங்கிருந்த பெண்பிள்ளையை இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். குற்றச்சாட்டைப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்தக் காணொளி பரவி ஊர் திட்டித் தீர்த்தபோது, திட்டு முழுவதும் கமராவுக்கு முன்னால் நின்றவருக்கே போனது. இப்படியான அலைவரிசைகளுக்கு அனுசரணை கொடுத்து வாழும் வியாபாரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பெண்ணைக் கூச்சப்படுத்தும் காணொளிக்குப் பார்வை ஏறுகிறது, பார்வை ஏறும் இடத்துக்கு அனுசரணை வருகிறது, அனுசரணை வருவதால் அடுத்த காணொளி வருகிறது.

குடாநாட்டுக்குக் குரல் கொடுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில் திறக்கப்பட்ட அசைவ உணவகத்துக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கினார்கள், மாநகர சபை அதில் தலையிட வேண்டிவந்தது. அந்தப் போராட்டம் சரியா பிழையா என்பது வேறு கதை. வியாபாரம் ஒன்றின் நடத்தை ஊரின் மனதைப் புண்படுத்துகிறது என்று யாழ்ப்பாணம் தீர்மானித்தால் நாட்கணக்கில் காரியம் நடக்கும் என்பது தெரிந்துவிட்டது. பெண்ணைப் பகிடி செய்யும் விளம்பரம் அந்தப் புண்படும் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

இந்தியாவில் ஷொட் விவகாரம் நடந்த மறுவாரமே இரண்டு தாள்கள் வெளிவந்தன. ஜூன் 8 அன்று ஏ.எஸ்.சி.ஐ. தீங்கான பால்நிலைச் சித்திரிப்பு பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது, ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கான வழிகாட்டலைக் கொண்டுவந்தது. பிரித்தானியா 2019 ஜூனிலிருந்தே தீங்கான பால்நிலைச் சித்திரிப்பை விளம்பரங்களில் தடைசெய்திருக்கிறது. இலங்கையில் இதற்கு ஈடாக ஒன்று வரும்வரை யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடிய வேலை சிறியது, கையெட்டும் தூரத்தில் இருப்பது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பதவியேற்ற மாநகர சபையும் பிரதேச சபைகளும் பதாகைக்குக் கட்டணம் வாங்கும்போது அளவையும் இடத்தையும் பார்க்கின்றன, படத்தையும் வாசகத்தையும் பார்க்கச் சொல்லி ஓர் உறுப்பினர் சபையில் பிரேரணை கொண்டுவரலாம். யூரியூபருக்கு அனுசரணை கொடுக்கும் கடைக்காரர், காணொளியில் வரும் பெண்ணிடம் சம்மதம் கேட்டீர்களா என்று காசைக் கொடுக்கும் முன் கேட்கலாம். வணிகர் கழகத்தின் கூட்டத்தில் வரிப் பிரச்சினை பேசி முடிந்த பிறகு இதற்கு ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், எந்தக் கடை எந்தக் காணொளிக்குக் காசு கொடுத்தது என்ற விவரமாவது மேசைக்கு வரும்.